நல்ல தண்ணீர்க் குடம்

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் சத்துணவை யாராவது ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். தலைமையாசிரியராக அந்த நடுநிலைப் பள்ளிக்குப் போன புதிதில் பதிவேட்டைத் திறந்தேன். பெற்றோர் கட்டத்தில் ஐந்து நாள் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில். வெள்ளிக்கிழமை மொத்தமாகப் போட்டுவிடுவார்களாம். சமூகப் பங்கேற்பு என்று நாங்கள் அறிக்கையில் எழுதுவது பல சமயம் இதைத்தான்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். அப்படி இருந்த ஓர் அம்மாவை, "கையெழுத்து அப்புறம், முதல்ல சாப்பிடுங்க" என்று பிள்ளைகளின் வரிசையிலேயே உட்கார வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டவர் சாம்பாரிலிருந்து ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கினார். நசுங்கவில்லை.

"டீச்சர், இது போர் தண்ணியா? இதுல பருப்பு ஜென்மத்துக்கும் வேகாதே."

அதுவரை சமையலரைத்தான் எல்லோரும் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது என்பது ஊரில் அடுப்பு மூட்டுகிற அத்தனை பேருக்கும் தெரியும். ஆய்வுக்கு வந்தவர்களுக்கும், வேதியியல் படித்த எனக்கும்தான் தோன்றவில்லை. சமையலரிடம் போய்க் கேட்டேன். "தெரியும் டீச்சர். யாரு கேட்டா?" என்றார்.

1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு வந்தபோது ஊர் நன்கொடையை நம்பித்தான் தொடங்கினார்கள். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு அரிசி, பருப்பு, அமைப்பாளர், சமையலர் எல்லாம் அரசுச் செலவு. நல்லதுதான், கொடுக்கிறவர் கை சுருங்கினால் பிள்ளை பட்டினி என்ற நிலை போயிற்று. ஆனால் கூடவே அது 'கவர்மெண்ட் சோறு' ஆகிவிட்டது. வேகாவிட்டால் யாரிடம் சொல்வது என்று பெற்றோருக்குத் தெரியவில்லை.

சரி, பருப்புக்கு வருவோம். மறுநாளிலிருந்து முறை வைத்து, வீட்டுக்கு ஒரு குடமாக, தெருக்குழாயில் வரும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். தினம் பத்துப் பன்னிரண்டு குடம். சாம்பாரை ஒதுக்கிய பிள்ளைகள் இன்னொரு கரண்டி கேட்டார்கள்.

மூன்றாம் நாள்தான் கவனித்தேன். குடத்தோடு வருகிறவர்கள் சமையலறைப் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். சமையலர் அண்டாவை வெளியே தூக்கிவந்து வைத்துவிட்டு விலகுகிறார். இவர்கள் உயரத் தூக்கி ஊற்றுகிறார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, இரண்டு பக்கமும் பழகிப்போன வேலை. சமையலர் காலனியிலிருந்து வருகிறவர். அவர் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடலாம், குடத்தை மட்டும் அவர் தொடக் கூடாது.

அன்று நான் செய்தது இதுதான்: சொந்தக் காசில், அடியில் குழாய் வைத்த ஒரு பிளாஸ்டிக் டிரம் வாங்கி வாசலில் வைத்தேன். மேலே அவர்கள் ஊற்றலாம், கீழே இவர் பிடித்துக்கொள்ளலாம். சண்டையில்லை. குழுக் கூட்டத்தில் பாராட்டிப் பேசினார்கள். தீண்டாமைக்குக் குழாய் மாட்டிக் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆனது. 'ஊரைப் பள்ளிக்குள் கொண்டுவாருங்கள்' என்று பயிற்சிக் கூட்டங்களில் சொல்கிறார்கள். ஊர் வரும்போது குடம் மட்டும் தனியாக வருவதில்லை.

அடுத்த கூட்டத்தில் டிரம்மை எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். தண்ணீர் தருகிறவர்கள் உள்ளே வந்து சமையலர் கையில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். ஒருவர் எழுந்து போனார். சிலர் அதற்குப் பிறகு கூட்டத்துக்கே வரவில்லை. பருப்பை நசுக்கிப் பார்த்த அம்மாவும் ஒரு வாரம் வரவில்லை, அப்புறம் வந்தார்.

நான்கு குடம்தான் வந்தது. பருப்புக்கு அது போதும். சோறு போர் தண்ணீரிலேயே வெந்தது.