ஒன்பது மணி வரை கத்தாதீர்கள்

25 நவம்பர் 2024, திங்கள்

சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன்ஷிப் தொடக்கம்: நம்ம குகேஷுக்கும் நடப்பு சாம்பியன் சீனாவின் டிங் லிரெனுக்கும். அங்கே சாயங்காலம் ஐந்து என்றால் நமக்கு மதியம் இரண்டரை. ஆபீஸ் கணினியின் ஓரத்தில் குட்டியாகச் செஸ் பலகை, கூடவே ஆட்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்டும் எஞ்சின் என்ற மென்பொருள், மடியில் போன், போனில் டெலிகிராம் குழு. சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. உள்ளே வந்ததும் அட்மின் அக்கா ஒரே ஒரு விதி சொன்னார்: ஆட்ட முடிவை ராத்திரி ஒன்பது வரை பெரிய குழுவில் போடக்கூடாது. டூட்டி முடிந்து வந்து முதலிலிருந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அடக்க முடியாதவர்களுக்குத் தனியாக ஒரு ‘கத்தல் அறை’.

பத்தாவது மூவில் குகேஷ் ராஜா பக்கத்து ஜி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். “அந்தப் பக்கம் திறந்துடாதா?” என்று ஒரு பையன் கேட்டான். “முதல்ல காய் நகர்த்தக் கத்துக்கோ தம்பி, இது உலக சாம்பியன்ஷிப்” என்று எழுதினேன். எட்டுப் பேர் சிரித்தார்கள். 42 மூவில் குகேஷ் தோற்றார், அதுவும் முதலில் ஆடும் வெள்ளைக் காயோடு.

ராத்திரி அக்கா தனியாக எழுதினார். “அந்தப் பையன் எட்டாவது படிக்கிறான். எஞ்சினை அணைச்சிட்டு அவன் கேள்விக்கு நீங்க பதில் சொல்லிப் பாருங்க.” அணைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தேன். பதில் தெரியவில்லை.

27 நவம்பர், புதன்

ஜெயித்தாச்சு! முதல் 40 மூவை 120 நிமிஷத்துக்குள் போட வேண்டும். அதுவரை மூவுக்கு இத்தனை விநாடி கூடுதல் என்ற சலுகை கிடையாது. டிங் லிரெனுக்கு 37-வது மூவில் நேரம் தீர்ந்துவிட்டது. கடிகாரத்தில் தலை சாய்த்து டிங் தூங்குவது போல யாரோ ஸ்டிக்கர் செய்திருந்தார்கள். மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன்.

28 நவம்பர், வியாழன்

ஓய்வு நாள். குழுவில் சேலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பவர். அதிகம் பேசமாட்டார். இன்று பேசினார். 2023-இல் அஸ்தானாவில் ரஷ்யாவின் நெபோம்னியாச்சியை டை-பிரேக்கில் (புள்ளி சமமானால் நடக்கும் வேக ஆட்டங்கள்) வென்று சாம்பியன் ஆனவர் டிங். அதற்கப்புறம் மனச்சோர்வு, தூக்கமின்மை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இந்த ஜனவரிக்குப் பிறகு கிளாசிக்கலில், அதாவது இப்படி மணிக்கணக்கில் நடக்கும் ஆட்டங்களில், ஒன்றுகூட வெல்லாமல்தான் சிங்கப்பூருக்கு வந்திருந்தார்.

“தூக்கம் வராத மனுஷனைத் தூங்குற மாதிரி வரைஞ்சிருக்கீங்க.” அவ்வளவுதான் எழுதினார், யார் பெயரையும் சொல்லவில்லை. மூன்று இடத்திலும் போய் அழித்தேன். அதற்குள் அது எந்தெந்த ஊருக்குப் போயிருக்குமோ.

1 டிசம்பர், ஞாயிறு

நேற்று ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, நெட் இல்லை. “மூவை மட்டும் யாராவது எஸ்எம்எஸ்ல அனுப்புவீங்களா?” என்று நண்பர் மூலமாகக் கேட்டிருந்தார். நான் அனுப்புகிறேன் என்றேன். பிளானில் தினமும் நூறு எஸ்எம்எஸ் சும்மாதானே கிடக்கிறது.

அங்கே மெழுகுவத்தி வெளிச்சத்தில் மரப்பலகை. டிங் லண்டன் சிஸ்டம் என்ற தொடக்க முறையை ஆடினார். யாருக்கு எவ்வளவு சாதகம் என்று எஞ்சின் காட்டும் எண்ணை அனுப்பவே கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. சரி என்று நானும் அதை மூடிவிட்டேன். மூவை அனுப்பிவிட்டு, அடுத்தது என்னவாக இருக்கும் என்று இருவரும் ஊகித்தோம். பெரும்பாலும் தப்பாகவே ஊகித்தோம்.

26-வது மூவில் அதே நிலையைத் திரும்பக் கொண்டுவந்து டிரா வாங்கியிருக்கலாம். குகேஷ் வேண்டாம் என்று ராணியை ஹெச்4 கட்டத்துக்குக் கொண்டுபோனார். “டிராவையா தட்டிட்டாரு? வயித்தைக் கலக்குது” என்று பதில் வந்தது. எனக்கும் கலக்கியது. எண் தெரிந்திருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது. கடைசியில் 46 மூவில் டிராதான்.

5 டிசம்பர், வியாழன்

டிரா. நான்காவது ஆட்டத்திலிருந்து இதுவரை ஆறும் டிரா. ஆட்டத்தில் சண்டை இல்லாத குறையைக் குழுவில் தீர்த்துக்கொள்கிறார்கள். ரூக் என்பது யானையா கோட்டையா என்று இரண்டு மணி நேரம். (யானைதான்.)

9 டிசம்பர், திங்கள்

நேற்று 11-வது ஆட்டத்தில் குகேஷ் வெற்றி, கத்தல் அறை கிழிந்தது. இன்று டிங் திருப்பி அடித்தார். 39 மூவ், ஓர் இடத்திலும் தடுமாற்றம் இல்லை. புள்ளி ஆறுக்கு ஆறு (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை).

கத்தல் அறைக்குள் இரண்டு பேர் சீனா, கண்ணு, மூக்கு என்று ஆரம்பித்தார்கள். அக்கா எச்சரிக்கவெல்லாம் இல்லை, நேரே வெளியே அனுப்பிவிட்டார். “விளையாட்டுக்குத்தானே சொன்னாங்க” என்று அவர்களுக்காக ஒருவர் வாதாட வந்தார். பத்து நாள் முன்னால் நானும் அவரோடு சேர்ந்திருப்பேன்.

எட்டாவது படிக்கும் பையன் ஒரு வரி போட்டான்: “தோத்துட்டோம், ஆனா இதுதான் இதுவரைக்கும் பார்த்ததுலயே நல்ல ஆட்டம்.” சேலத்துக்காரர் அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.

12 டிசம்பர், வியாழன்

கடைசி ஆட்டம். டிரா, நாளைக்கு டை-பிரேக் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்த நேரம். 55-வது மூவில் டிங் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். குகேஷ் பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி பார்த்தார். யானைகளும் பிஷப்புகளும் வெட்டுப்பட்டுப் போனால் மிச்சமிருக்கும் ராஜா-சிப்பாய் ஆட்டம் கறுப்புக்கு, அதாவது குகேஷுக்கு, வெற்றி. மூன்று மூவ் கழித்து டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார். 7.5-6.5. பதினெட்டு வயது. 1985-இல் காஸ்பரோவ் 22 வயதில் சாம்பியன் ஆனார். அந்தச் சாதனை இன்று போனது. அழுதுகொண்டே குகேஷ் காய்களைப் பழையபடி அடுக்கினார்.

கத்தல் அறையில் நிமிஷத்துக்கு ஐம்பது செய்தி. பெரிய குழுவில் ஒன்றுகூட இல்லை. அங்கே ஒரு நர்ஸ் அம்மா இருக்கிறார். காலையிலேயே போன் டேட்டாவை அணைத்துவிட்டு, வீடு போய்த்தான் பார்ப்பேன் என்று சொல்லியிருந்தார். ஒன்பது மணி ஆனது, அவர் வரவில்லை. விதிப்படி கத்தலாம். ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை. 10:50-க்கு எழுதினார்: “எஃப்2!!! ஐயோ, எஃப்2!” அப்புறம் விடியும்வரை யாரும் தூங்கவிடவில்லை.

13 டிசம்பர், வெள்ளி

குகேஷ் தமிழா தெலுங்கா என்று ஊரெல்லாம் சண்டை. அக்கா அந்தப் பேச்சுக்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டார்.

மதியம் அந்தப் பையன் எனக்குத் தனியாகப் பள்ளிப் போட்டியில் அவன் ஆடிய ஆட்டத்தை அனுப்பியிருக்கிறான். “அண்ணா, எஞ்சின் இல்லாம பார்த்துச் சொல்லுங்க.” 19-வது மூவில் குதிரையைச் சும்மா கொடுத்திருக்கிறான். இரண்டு தடவை டைப் செய்து அழித்தாச்சு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு மறுபடி எழுத வேண்டும்.