வரும் மெயிலுக்குப் பூட்டு

வாடகை சர்வரில் மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், அதைப் பெட்டியில் சேமித்துத் தரும் டவ்காட்டும் வைத்து என் மெயிலை நானே நடத்துகிறேன். அந்த டிஸ்க்கை யாராவது நகலெடுத்தால் எல்லாக் கடிதமும் திறந்தே கிடக்கும். எனக்கு எழுதுகிறவர்களைப் பிஜிபி என்ற மெயில் பூட்டும் முறைக்கு மாற்றுவது நடக்கிற காரியமில்லை. சரி, வந்து சேரும் மெயிலை பூட்ட மட்டும் உதவும் என் பொதுச் சாவியால் சர்வரே பூட்டட்டும், திறக்கும் தனிச் சாவி என் மடிக்கணினியை விட்டு வெளியே போக வேண்டாம் என்று இறங்கினேன்.

வரும் மெயிலை வகைபிரிக்கும் டவ்காட்டின் சீவ் விதிகளில் எக்ஸ்ட்புரோகிராம்ஸ் என்ற செருகல் உண்டு. மெயிலைப் பெட்டியில் போடும் முன் வெளியே உள்ள ஒரு நிரலிடம் கொடுத்து, அது திருப்பித் தருவதைச் சேமிக்கும். பிஜிபி முறையில் பூட்டும் ஜிபிஜி நிரலை அழைக்கும் சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி அங்கே மாட்டினேன். பூட்ட முடியாவிட்டால் மெயில் தொலையக்கூடாதே என்று, மூலத்தை அப்படியே திருப்பித் தரும்படி எழுதியிருந்தேன். என் புத்திசாலித்தனம்!

கையால் ஓட்டினால் அருமையாகப் பூட்டியது. நிஜ மெயில் மட்டும் திறந்தே வந்தது. இரண்டு இரவு போன பிறகுதான் விளங்கியது: சாவியை நான் சர்வர் நிர்வாகியின் ரூட் கணக்கில் சேர்த்திருக்கிறேன், டவ்காட் ஸ்கிரிப்டை ஓட்டுவதோ மெயிலுக்கென்று வைத்த விமெயில் கணக்கில். அதன் சாவிக்கொத்து காலி. அங்கே சேர்த்த பிறகும் ஜிபிஜி, இந்தச் சாவி இன்னாருடையதுதான் என்பதற்கு உறுதியில்லை என்று மறுத்தது. எந்தச் சாவியையும் நம்பு என்னும் 'டிரஸ்ட் மாடல் ஆல்வேஸ்' கொடுத்ததும் அடங்கியது.

பழைய மெயில்களையும் பூட்டப் போய் இன்னொரு அடி. ஒவ்வொரு மெயிலையும் தனிக் கோப்பாக வைக்கும் மெயில்டிர் முறையில், கோப்பின் பெயரிலேயே டவ்காட் அளவை எழுதி வைக்கிறது. உள்ளடக்கத்தை மாற்றியதும் அளவு பொருந்தவில்லை என்று லாக் முழுக்கப் புலம்பல். அப்புறம் மெயில் செயலிகள் பெட்டியை அணுகும் ஐமேப் வழியே எடுத்து, பூட்டி, புதிதாகச் சேர்த்தேன்.

சில மாதம் கழித்து மெயில்கள் மறுபடி திறந்து வந்தன. சாவியின் காலாவதியை மடிக்கணினியில் நீட்டித்தவன், சர்வரில் உள்ள நகலைப் புதுப்பிக்க மறந்திருந்தேன். ஸ்கிரிப்டும் சத்தமில்லாமல் மூலத்தையே தந்துகொண்டிருந்தது. இப்போது பூட்டத் தவறினால் தலைப்பில் ஓர் அடையாளம் சேர்க்கிறது. சீவ் அதைப் பார்த்துத் தனிக் கோப்புறையில் போடுகிறது.

பொருள் வரியும் அனுப்புநர் பெயரும் இன்னும் வெளியில்தான் தெரிகின்றன. மெயில் உள்ளே வரும் அந்தக் கணத்தில் சர்வர் அதைப் படிக்கவும் முடியும். சர்வர் வழித் தேடலும் போயிற்று. தேடலுக்காகத்தான் அவ்வப்போது வருத்தம்.