பாட்டோடு நோட்டும் சேர்ந்து விழ

கோடோ 4 (Godot) என்ற கேம் எஞ்சினில் எழுதப்பட்ட சின்ன ரிதம் கேம் ஒன்றின் ஓப்பன் சோர்ஸ் நிரலை எடுத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். நான்கு லேன், மேலிருந்து விழும் நோட்டுகள், கோட்டைத் தொடும் நேரத்தில் தட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

பாட்டின் தொடக்கத்தில் தாளத்தோடு விழுந்த நோட்டுகள், கடைசிச் சரணத்தில் பின்தங்கின. நிரலில் ஒவ்வொரு ஃபிரேமிலும் டெல்டாவை, அதாவது முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தை, கூட்டிக் கூட்டி நோட்டை நகர்த்தியிருந்தது. கேம் சற்று நேரம் திணறினால், போன நேரம் முழுதும் டெல்டாவில் திரும்பி வராது; பாட்டோ நிற்காமல் ஓடிவிடும். அந்த முறையையே எடுத்துவிட்டேன். இப்போது நோட் தட்ட வேண்டிய நேரத்திலிருந்து பாட்டின் நேரத்தைக் கழித்து, வேகத்தால் பெருக்கி, கோட்டிலிருந்து அத்தனை பிக்சல் மேலே நோட்டை வைக்கிறேன். எவ்வளவு திணறினாலும் அடுத்த ஃபிரேமிலேயே நோட் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. ரிதம் கேமில் பாட்டின் கடிகாரத்தைத் தவிர வேறு கடிகாரமே இருக்கக்கூடாது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் உடனே நோட்டுகள் நடுங்க ஆரம்பித்தன. பாட்டு எங்கே ஓடுகிறது என்று எஞ்சின் சொல்லும் பிளேபேக் பொசிஷன் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுவதில்லை. ஆடியோ துண்டு துண்டாக மிக்ஸ் ஆகும்போதுதான் தாவுகிறது. அதனுடன் கடைசி மிக்ஸுக்குப் பிறகு கடந்த நேரத்தைக் கூட்டி, ஒலி வெளியே கேட்க எடுக்கும் தாமதமான அவுட்புட் லேட்டன்ஸியைக் கழித்தால் சீராகிறது. எப்போதாவது அந்த எண் முந்தைய ஃபிரேமைவிடக் குறைந்துவிடும். அப்போது பழைய மதிப்பையே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வரிக்குப் பிறகு நோட்டுகள் வழுக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்க்க அத்தனை சந்தோஷம்!

வேகமான இடங்களில் தட்டும் ஓசை 'டிக்' என்று வெட்டுப்பட்டது. ஒரே நேரத்தில் எத்தனை ஓசை ஒலிக்கலாம் என்பதுதான் ஆடியோ பிளேயரின் மேக்ஸ் பாலிஃபனி; அது இயல்பாகவே 1. புது ஓசை வந்ததும் பழையது பாதியில் அறுந்துவிடும். 8 ஆக்கினேன், போயிற்று.

எம்பி3 பாட்டுகளில் எல்லாத் தட்டும் ஒரே அளவு தள்ளிப் பதிவானது. எம்பி3 கோப்பின் தலையில் என்கோடரும் (பாட்டைச் சுருக்கும் நிரல்) டிகோடரும் (அதை விரித்து வாசிக்கும் நிரல்) சேர்ந்து ஒரு வெற்றிடம் விடுகின்றன. லேம் என்ற என்கோடரில் 576 சாம்பிள் (ஒலியின் ஒற்றை அளவீடு), டிகோடரில் 529. மொத்தம் 1105, அதாவது 44,100 ஹெர்ட்ஸில் சுமார் 25 மில்லிசெகண்ட். எந்த நோட் எப்போது என்ற பட்டியலான சார்ட்டை எழுதும் எடிட்டர் அந்த வெற்றிடத்தை வெட்டி, கேம் வெட்டாமல் வாசித்தால் முழுப் பாட்டும் நகர்ந்துவிடும். ஸ்டெப்மேனியா என்ற ரிதம் கேமின் வழக்கமான அமைப்பில், தட்டின் துல்லியத்துக்கான மிக நுண்ணிய தீர்ப்பே ±22.5 மில்லிசெகண்ட்தான். துல்லியமாகத் தட்டுகிறவருக்கு உரிய மதிப்பெண் போய்விடும், அது அநியாயம். பாட்டுகளை ஓஜிஜி என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றி, சார்ட்டை மறுபடி பொருத்தினேன்.

அழுத்திப் பிடிக்க வேண்டிய லாங் நோட்டின் வால் சில சமயம் மங்கலாக வந்ததற்குக் காரணம் எளிது. நோட்டுகளை மறுபடி பயன்படுத்தச் சேர்த்துவைக்கும் பூலுக்குத் திரும்பிய நோட், பழைய ஆல்ஃபா (எவ்வளவு மங்கலாகத் தெரியும் என்ற) மதிப்போடு மறுபடி வந்தது. வெளியே எடுக்கும்போதே ரீசெட் செய்கிறேன்.

புளூடூத் இயர்போனின் தாமதத்தை எஞ்சின் சொல்லும் லேட்டன்ஸியை நம்பிச் சரிசெய்ய முடியவில்லை. ஆட்டக்காரரே, சீராகத் தாளம் போடும் மெட்ரனோமுக்குத் தட்டி ஆஃப்செட் (நேரத் திருத்தம்) வைத்துக்கொள்ளும் திரை ஒன்றை அடுத்து எழுதுகிறேன்.