ரோமன் எண்ணில் தேதி எழுதிப் பழகிய மூன்று வாரம்

மூன்று வாரமாக நாட்குறிப்பில் தேதியை ரோமன் எண்ணில்தான் எழுதுகிறேன். கடிகாரம் பார்த்துப் பழகியதால் பன்னிரண்டு வரை கண்ணுக்குத் தெரியும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்ட வேண்டியிருந்தது.

மொத்தம் ஏழே எழுத்து: ஐ 1, வி 5, எக்ஸ் 10, எல் 50, சி 100, டி 500, எம் 1000. முதல் வாரம் முழுக்க எல்லும் டியும் மாறி மாறி விழுந்தன.

பெரிய தவறு 99-இல் நடந்தது. நூறுக்கு ஒன்று குறைவுதானே என்று ஐ-சி எழுதிவிட்டேன். அப்படி எழுதக் கூடாது. ஐ-யை வி, எக்ஸ் இரண்டிலிருந்து மட்டுமே கழிக்கலாம். எக்ஸை எல், சி-யிலிருந்து. சி-யை டி, எம்-மிலிருந்து. ஆகவே தொண்ணூறைத் தனியாகவும் ஒன்பதைத் தனியாகவும் எழுத வேண்டும்: எக்ஸ்சி, ஐஎக்ஸ்.

திருத்தி எழுதும்போதுதான் பொறி தட்டியது. எக்ஸ்சி-யில் நூறின் எழுத்து இருக்கிறது. நம் தொண்ணூறிலும் நூறு இருக்கிறது! எழுபது, எண்பது என்று வந்த வரிசை சட்டென்று நூறுக்குத் தாவிவிடுகிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம், அங்கே சிஎம். ஒன்பதில் பத்து, அங்கே ஐஎக்ஸ். அன்றிலிருந்து இந்த மூன்றும் எனக்குத் தப்பியதே இல்லை. 4, 40, 400-க்கு இப்படித் துணை கிடையாது. எழுதி எழுதித்தான் மனதில் ஏற்றினேன்.

நீளம்தான் கை வலிக்க வைக்கிறது. பழைய தமிழ் எண்குறியில் 800-ஐ ௮௱ என்று இரண்டே குறியில் முடித்துவிடலாம். ரோமனில் டிசிசிசி. 1888-க்குப் பதின்மூன்று எழுத்து!

வாசிக்க எனக்கு வலமிருந்து இடமாகப் போவதுதான் சுலபம். பழைய படம் ஒன்றில் எம்சிஎம்எக்ஸ்எல்ஐவி என்று வந்தது. வி 5, ஐ அதைவிடச் சின்னது, கழித்தால் 4. எல் சேர 54, எக்ஸ் கழிய 44. எம் சேர 1044, சி கழிய 944, கடைசி எம்-மோடு 1944.

ரோம் நகரின் பழைய அரங்கமான கொலோசியத்தின் 44-ஆம் வாயில் எண்ணைப் படித்தபோது அசந்துபோனேன். எக்ஸ்எல்ஐஐஐஐ என்று செதுக்கியிருக்கிறார்கள். நாற்பதைக் கழித்து எழுதியவர்கள் நான்கை மட்டும் நான்கு கோடாகவே விட்டிருக்கிறார்கள். பல கடிகாரங்களிலும் நான்கு இப்படித்தான் இருக்கும். நான் இன்னும் ஐவி-தான் எழுதுகிறேன்.

நேற்று 3999 வரை தாள் இல்லாமலே சொல்ல வந்துவிட்டது. எழுத்தின் தலையில் கோடு போட்டால் ஆயிரம் மடங்கு என்றொரு முறை உண்டு. அடுத்த வாரம் அதைத் தொடங்குகிறேன்.