'ச்சூ த ஃபேட்': கொழுப்பை மென்றவர்கள் யார்?

வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதை ஆங்கிலத்தில் 'ச்சூ த ஃபேட்' என்பார்கள். நேர்ப்பொருள், கொழுப்பை மெல்லுவது.

கப்பலில் உப்புப் பன்றிக்கறியின் கெட்டிக் கொழுப்பை மென்றபடியே மாலுமிகள் அரட்டை அடித்தார்களாம், அதிலிருந்து வந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உப்புக்கறி தின்றது உண்மை, ஆனால் இந்தத் தொடரை அதோடு இணைக்கும் பழைய கப்பல் ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. எஸ்கிமோக்கள் திமிங்கிலக் கொழுப்பை மென்ற கதைக்கும் இதே கதிதான்.

அச்சில் கிடைக்கும் பழைய சான்று 1885-ஐச் சேர்ந்தது. அதுவும் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பற்றிய நூலில். அங்கே பொருள் அரட்டை அல்ல, முணுமுணுப்பு: பழைய மனக்குறையையே திரும்பத் திரும்பக் கிளறுவது. 'ச்சூ த ரேக்', அதாவது கந்தலை மெல்லுவது, என்ற ஜோடித் தொடரும் அதே பொருளில் வழங்கியது. மெல்லும்போது வாய் அசைகிறதே, உவமைக்கு அது போதும். கப்பலும் கறியும் தேவையில்லை. சாவகாசப் பேச்சு என்ற இதமான பொருள் பிறகு நிலைத்தது.

பயன்படுத்தும்போது 'த'-வை விட்டுவிடாதீர்கள். விட்டால் நிஜமாகவே கொழுப்பைத் தின்பதாகிவிடும். யாரோடு என்று சொல்ல 'வித்' சேர்க்க வேண்டும். நண்பர்களிடம் சரி, அலுவலகக் கடிதத்தில் வேண்டாம். 'ச்சூ அவுட்' வேறு சங்கதி: அது அமெரிக்க வழக்கில் ஒருவரை வாங்கு வாங்கென்று வாங்குவது.