மாத்திரை ஒத்துக்கவில்லை என்றால் அதை எழுதிக் கொடுங்கள்

"அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல, வேற கம்பெனி குடுங்க." மருந்துக்கடையில் நிற்கிறவர்கள் எல்லோரும் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. நாங்களும் வேறு கம்பெனி எடுத்துக் கொடுத்துவிடுவோம், அவரும் போய்விடுவார். என்ன ஒத்துக்கவில்லை, வாந்தியா, தடிப்பா, தலைசுற்றலா, போட்டு எத்தனை நாளில் வந்தது, எதையும் யாரும் எங்கேயும் எழுதுவதில்லை. ஒரு ஃபார்மசிஸ்டாக எனக்கு இதில் ரொம்ப நாள் ஆதங்கம், ஏனென்றால் இதை எழுதிக் கொடுக்க நாட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது, நோயாளியே நேரடியாகக் கொடுக்கலாம், அதற்கான படிவம் தமிழிலேயே கிடைக்கிறது.

அந்த ஏற்பாட்டின் பெயர் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம். 2010-ல் தொடங்கியது, அடுத்த ஆண்டே காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையத்தின் பொறுப்புக்கு வந்தது. பல மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்றே ஒரு கண்காணிப்பு மையம் உண்டு. கம்பெனிகளுக்குச் சட்டம் கண்டிப்பானது: புது மருந்து சந்தைக்கு வந்தால் முதல் 2 ஆண்டுக்கு, 6 மாதத்துக்கு ஒரு முறை, அடுத்த 2 ஆண்டுக்கு, வருடத்துக்கு ஒரு முறை பாதுகாப்பு அறிக்கை கொடுக்க வேண்டும், எதிர்பாராத கடுமையான பாதிப்பு தெரியவந்தால் 15 நாளுக்குள் சொல்ல வேண்டும். சரி, கம்பெனிக்கு அது எப்படித் தெரியவரும்? நோயாளியும் டாக்டரும் நாங்களும் சொன்னால்தான். எங்களில் யார் எழுதாமல் விட்டாலும் சட்டம் கேட்காது, எழுதுவது முழுக்க அவரவர் விருப்பம். மொத்த ஏற்பாட்டிலும் பலவீனமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

"மருந்தைத்தான் சோதனை பண்ணி அனுமதிக்கிறாங்களே" என்று கேட்பார்கள். சோதனையில் இருப்பது சில நூறு பேர், மிஞ்சிப்போனால் சில ஆயிரம் பேர். கர்ப்பிணிகளும் நாலு நோய்க்கு எட்டு மாத்திரை போடும் பெரியவர்களும் அதில் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் பாதிப்பு, மருந்து கடைக்கு வந்து லட்சக்கணக்கானவர்கள் விழுங்கிய பிறகுதான் தெரியும். மாதவிடாய் வலிக்கு நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் போடும் மெஃபனமிக் ஆசிடை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வருஷமாகப் புழங்குகிற மருந்து. 2023 நவம்பர் கடைசியில்தான் அதனால் 'ட்ரெஸ்' எனப்படும் கடுமையான ஒவ்வாமை வரலாம், கவனியுங்கள் என்று ஆணையம் எச்சரிக்கை விட்டது. காய்ச்சல், தடிப்பு, நெறிகட்டுதல், கல்லீரல் போன்ற உறுப்புகள் பாதிப்பது என்று போகும் அது, மாத்திரை தொடங்கி 2 முதல் 8 வாரம் கழித்துக்கூட வரும். அதற்குள் அந்த மாத்திரை யார் ஞாபகத்தில் இருக்கும்?

ஒரு அக்கா உதட்டோரம் காசளவு கருந்திட்டோடு வந்து ஆயின்மென்ட் கேட்டார். எரிச்சல் வேறு. "போன தடவையும் இதே இடத்துலதான் தம்பி வந்துச்சு" என்றதும் எனக்குச் சந்தேகம் வந்து, ரெண்டு தடவையும் என்ன மாத்திரை போட்டீங்கக்கா என்று கேட்டேன். வயிற்றுப்போக்குக்கு, பழைய சீட்டில் எழுதியிருந்த நார்ஃப்ளாக்ஸசின், டினிடசோல் சேர்ந்த மாத்திரை. ஒரே மருந்து, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் திட்டு. இது மருந்தால் வருகிற வகை. இனிமேல் அதைத் தொடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்தேன். உடனே பதறினார்: "டாக்டர் மேல கம்ப்ளெயின்டா? வேணாம் தம்பி, நல்ல மனுஷன்."

இந்தப் பயம் படித்தவர்களுக்கும் இருக்கிறது, டாக்டர்களுக்கே இருக்கிறது. இது புகார் இல்லை. யார் மேலும் வழக்கு வராது. நோயாளி பெயருக்கு இனிஷியல் போதும், விவரங்கள் ரகசியமாக இருக்கும். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கவும் வேண்டாம், சந்தேகம் போதும். நிறுத்தியதும் குறைந்ததா, திரும்பப் போட்டதும் வந்ததா என்றெல்லாம் பார்த்து எடைபோடுவது மையத்தின் வேலை.

அந்த அக்கா பர்ஸிலிருந்து மீதி ஸ்ட்ரிப்பை எடுத்துக் காட்டினார். நாலு மாத்திரை உள்ள துண்டு, பேட்ச் நம்பர் (ஒரே தடவையில் தயாரான மருந்துக்கெல்லாம் போடும் எண்) இருந்த ஓரம் எந்தக் கடையிலோ வெட்டிப் போயிருந்தது. பில்லும் இல்லை. அவருக்கு வந்தது எந்த பேட்சிலும் வரக்கூடியது, அதனால் நஷ்டமில்லை. எப்போதும் அப்படி இருக்காது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனார்களே, அந்த கோல்ட்ரிஃப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்தது அக்டோபர் தொடக்கத்தில். குழந்தைகள் சாக ஆரம்பித்தது செப்டம்பர் தொடக்கத்தில். அந்த ஒரு மாதத்தை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. அது தரக்குறைபாடு, பக்க விளைவு வேறு என்று விளக்கம் சொல்லலாம். பெற்றவர்களுக்கு ரெண்டும் ஒன்றுபோலத்தான் தொடங்கும்: மருந்து கொடுத்தோம், பிள்ளைக்கு மோசமாகிவிட்டது. அந்த நேரத்தில் எந்த பேட்ச் என்று சொல்ல முடிந்தால் தேடல் சீக்கிரம் முடியும்.

அதனால் என்னைப் போலக் கடையில் நிற்கிறவர்களுக்கு: ஸ்ட்ரிப்பை வெட்டும்போது பேட்ச், எக்ஸ்பைரி இருக்கும் பக்கத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள், உதிரியாகக் கொடுத்தால் பில்லில் பேட்ச் நம்பரைப் போடுங்கள். பக்க விளைவைத் தெரிவிப்பதற்கான க்யூஆர் கோடையும் இலவச எண்ணையும் கடையில் கண்ணில் படும்படி ஒட்டச் சொல்லி 2025-லேயே அறிவுறுத்தல் வந்துவிட்டது, அதைக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டாதீர்கள்.

மற்றவர்களுக்கு: அந்த இலவச எண் 1800-180-3024, வேலை நாட்களில் அலுவலக நேரத்தில் எடுப்பார்கள். மருந்தின் பெயர், எதற்குப் போட்டது, என்றைக்கு ஆரம்பித்தது, என்ன ஆனது, கூட வேறு என்ன சாப்பிட்டீர்கள், சித்த மருந்து, நாட்டு மருந்து உட்பட, இவ்வளவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கூப்பிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்தால், இங்கே ஏடிஆர் மையம் (நான் சொன்ன கண்காணிப்பு மையம்தான்) இருக்கிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள். மருந்து மிச்சமிருந்தால் பாட்டிலையோ ஸ்ட்ரிப்பையோ தூக்கிப் போடாமல் தனியாக எடுத்து வையுங்கள்.