கோணல் முற்றம்

எங்கள் கம்ப்யூட்டர் லேப் சார் காலமான செய்தியை அபுதாபியிலிருக்கும் எனக்கு முதலில் அனுப்பியவன் தக்கலைக்காரன். லேப்பில் மூன்று வருடம் என்னோடு ஓயாமல் வாதாடிய அதே தக்கலைக்காரன்தான். மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, வேறெதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

1996 முதல் 1999 வரை அந்த லேப் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தவர்களுக்கு எங்கள் வாதம் எதைப் பற்றியது என்று தெரியும். நான் விஐ கட்சி. அவன் ஈமாக்ஸ் கட்சி. இரண்டும் நிரல் எழுத உதவும் எடிட்டர்கள். 12 டெர்மினல்களை வெறும் 16 மெகாபைட் நினைவகத்தோடு சுமந்துகொண்டிருந்த யூனிக்ஸ் சர்வரில் அவன் ஈமாக்ஸைத் திறந்ததும் மற்றவர்களின் திரையெல்லாம் அசையாமல் நிற்கும். ஈமாக்ஸ் என்பதன் ஐந்து எழுத்துகளும் 'எட்டு மெகாபைட்டைத் தின்றுவிட்டு ஓயாமல் வட்டுக்கு ஓடுவது' என்பதன் சுருக்கம் என்று நாங்கள் கத்துவோம். அது அருமையான ஆபரேட்டிங் சிஸ்டம், அதற்கு ஒரு நல்ல எடிட்டர் கிடைக்காததுதான் குறை என்போம். விஐக்கு இருப்பதே இரண்டு நிலைதான், ஒன்றில் கூவும், மற்றொன்றில் கோப்பைக் கெடுக்கும் என்று அவன் திருப்பிக் கொடுப்பான். ரோமன் எண்ணில் விஐ என்பது 6, மூன்று முறை அடுக்கினால் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தின் இலக்கம் என்று அவன் சொன்ன அன்று, குளச்சல் நண்பர்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த வகுப்பிலிருந்து ஆள் வந்துவிட்டது. உலகமெங்கும் நிரலாளர்கள் சொல்லிக்கொண்டிருந்த வேடிக்கைகள்தான் இவை என்பது பின்னால்தான் தெரிந்தது. அப்போது அவை எங்களுக்கே சொந்தமானவை என்று நம்பியிருந்தோம்.

வாதத்துக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருந்தது. அவன் ஈமாக்ஸை இஷ்டப்படி வளைக்க உதவும் லிஸ்ப் மொழியைத் தானே படித்து, ஒரு விசையை அழுத்தினால் ரெக்கார்டு நோட்டுக்கு வேண்டிய தலைப்பும் பதிவு எண்ணும் தாமாக வந்து விழும்படி செய்து வைத்திருந்தான். நான் அதையே விஐயில் ஒற்றை வரியில் முடிக்க வேண்டும் என்று வடசேரி பஸ்ஸின் கூட்டத்தில் நின்றபடி யோசித்துக்கொண்டு போவேன். பாடத்திட்டம் கற்றுத்தந்ததைவிட இந்தப் போட்டி எங்களுக்குக் கற்றுத்தந்தது அதிகம் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் சார் எங்களை நேருக்கு நேர் நிறுத்தினார். 60 மாணவர்களின் பெயர்ப் பட்டியலை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். பெயருக்குப் பின்னாலிருந்த இனிஷியலை முன்னால் கொண்டுவர வேண்டும். தோற்றவர் எல்லோருக்கும் பழம்பொரியும் சாயாவும் வாங்கித் தர வேண்டும். தக்கலைக்காரன் பட்டியலைப் படியெடுத்துக்கொண்டு, முதல் வரியில் செய்ததை மேக்ரோவாகப் பதிந்து, கடைசி வரி வரை ஓடவிட்டு எழுந்துவிட்டான். நான் அவசரத்தில் படியெடுக்காமல் சாரின் மூலக் கோப்பையே திறந்தேன். முதல் வரியில் இனிஷியலை அடித்துப் பார்த்தபோது போட்ட கேப்ஸ் லாக்கை எடுக்க மறந்து, கீழே இறங்குவதற்காக ஜே விசையைத் தட்டினேன். விஐயில் சிறிய ஜே கீழிறங்கும். பெரிய ஜே அடுத்த வரியை இந்த வரியோடு ஒட்டிவிடும். பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போயின. எங்கள் சர்வரிலிருந்த பழைய விஐ கடைசியாகச் செய்த ஒன்றை மட்டுமே திருப்பித் தரும். சேமிக்காமல் வெளியேறியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பதற்றத்தில் கை பழகிய கட்டளையை அடித்து, கெட்ட கோப்பைச் சேமித்தே வெளியேறிவிட்டேன்.

கீபோர்டு சரியில்லை என்று சாரிடம் சொன்னேன்.

"என்னடே, முத்தம் கோணலா?" என்று கேட்டார் சார். ஆடத் தெரியாதவளின் கதை தெரியாதவர் யார்? லேப் முழுவதும் சிரித்தது. படிப்பு முடியும்வரை 'முத்தம்' என்பதே என் பெயராயிற்று. அந்தச் சிரிப்பின் நடுவே தக்கலைக்காரன் மட்டும் சிரிக்காமல் என் அருகில் வந்து உட்கார்ந்து, பெயருக்குப் பின்னால் அலைக்குறியோடு ஈமாக்ஸ் தானாகவே எடுத்து வைத்திருந்த பழைய பிரதியிலிருந்து சாரின் பட்டியலை மீட்டுக் கொடுத்தான்.

அன்று மாலை சார் என்னைப் போகவிடவில்லை. 1976இல் பில் ஜாய் விஐயை எழுதியபோது அவர் கையிலிருந்த டெர்மினலில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன என்றும், ஜே கீழிறங்குவது அதனால்தான் என்றும் சொன்னார். பிறகு, 1969இல் கென் தாம்சன் எழுதிய 'எட்' எடிட்டரில் அதே பட்டியலை ஒற்றைக் கட்டளையால் மாற்றிக் காட்டினார். திரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. "தப்பாப் போட்டா இது கேள்விக்குறி ஒண்ணுதான் காட்டும்டே. காரணத்த நீதான் தேடணும்" என்றார். எழுந்திருக்கும்போது, "நம்ம எழுத்து இதுல எப்பம் வரும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நீங்கள் யாராவது செய்யுங்கள் என்றார்.

படிப்பு முடிந்த மறு வருடமே நான் விமானம் ஏறிவிட்டேன்.

2023 ஆகஸ்ட் 3ஆம் தேதி, விஐயின் வாரிசான விம்மை உருவாக்கிய பிராம் மூலனார் மறைந்தபோது, தக்கலைக்காரன் பெங்களூரிலிருந்து துக்கம் விசாரிப்பதுபோல் என்னை அழைத்தான். உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று விம்மின் முதல் திரையில் நிற்கும் வேண்டுகோளைப் பற்றி நெடுநேரம் பேசினோம். அதன்பின் அவனே ஈமாக்ஸை எனக்கு அமைத்துத் தந்தான். உள்ளே விஐயைப் போல நடக்கவைக்கும் 'ஈவில்' என்ற இணைப்பு இருப்பதால் என் விரல்கள் பழைய விஐயின் வழியிலேயே நடக்கின்றன. ஈமாக்ஸில் ஒரு திரை உண்டு. உலக மொழிகளின் வணக்கச் சொற்கள் அதில் வரிசையாக வரும்; அவற்றின் நடுவே தமிழில் 'வணக்கம்' நிற்கிறது. இந்தக் கட்டுரையையும் அதில்தான் எழுதுகிறேன்.

அதைச் சாருக்குக் காட்ட வேண்டும் என்றே போன விடுமுறையில் லேப்டாப்பை எடுத்துச் சென்றிருந்தேன். கல்யாணமும் வங்கி வேலையும் பத்து நாட்களைத் தின்றுவிட்டன. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பார்வதிபுரம் மேம்பாலத்தில் கார் ஏறியபோது, கீழே சாரின் தெரு திரும்பும் இடம் தெரிந்தது. வண்டியைத் திருப்பட்டுமா என்று டிரைவர் கேட்டார். மணியைப் பார்த்துவிட்டு, அடுத்த லீவில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.